தொப்பி போட்டு நிற்பவரின் விலை

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக்கில் சேஸ் டேனியல் 2009-ல் நுழைந்தார். 2022 சீசனோடு விடைபெற்றார். இத்தனை வருடத்தில் முதல் ஆட்டக்காரராக அவர் களமிறங்கிய ஆட்டங்கள் மொத்தம் ஐந்து. சம்பாதித்தது 4 கோடி டாலருக்கு மேல். ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க வேண்டாம், வயிறு எரியும்.

டேனியல் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் செய்தது பேக்அப் குவார்ட்டர்பேக் வேலை. பெரும்பாலான ஆட்டங்களில் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தொப்பி போட்டுக்கொண்டு, கையில் டேப்லெட்டோடு கோட்டுக்கு வெளியே நிற்கும் ஆள். அப்படி நிற்பதற்கு ஏன் கோடிகளைக் கொட்டுகிறார்கள் என்ற கேள்விக்கு ஒவ்வொரு மார்ச் மாதமும் பதில் கிடைக்கிறது. ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் 'ஃப்ரீ ஏஜென்ட்' ஆகி, எந்த அணியோடும் விலை பேசும் மாதம் அது.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒவ்வொரு நகர்வுக்கு முன்னும் பயிற்சியாளர் அழைக்கும் திட்டம் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் இருக்கும் ரேடியோவில் வரும். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்த ரேடியோ தானாக அணைந்துவிடும். அதன்பிறகு அவர்தான் ராஜா. எதிரில் நிற்பவர்கள் எங்கிருந்து பாய்வார்கள், யாரிடம் பந்தை எறியலாம், கடைசி நொடியில் திட்டத்தை மாற்றலாமா, எல்லாம் அவர் தலையில். மற்ற இடங்களில் ஒருவருக்கு அடிபட்டால் அணி நொண்டியடித்தாவது ஓடும். குவார்ட்டர்பேக் விழுந்தால் சீசனே படுத்துவிடும்.

2011-ல் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணிக்கு அதுதான் நடந்தது. பெய்டன் மேனிங் இருந்தவரை அங்கே மாற்று ஆட்டக்காரரைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. அவர் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாத மனிதர். கழுத்து அறுவை சிகிச்சையால் அந்த வருடம் முழுக்க உட்கார்ந்துவிட்டார். ஓய்வு பெற்றிருந்த 38 வயது கெர்ரி காலின்ஸை அவசர அவசரமாகக் கூட்டிவந்தார்கள். முந்தைய சீசனில் 10 வெற்றி பெற்ற அணி அந்த சீசனில் ஜெயித்தது இரண்டே ஆட்டம். பயிற்சியாளர் வேலையும் போயிற்று, அணியைக் கட்டிய பில் போலியனின் வேலையும் போயிற்று. மேலாளர்கள் மார்ச் மாதத்தில் பேக்அப்புக்குச் செக் எழுதும்போது, கால்வாசி கை அந்த வருடத்தை நினைத்துத்தான் எழுதுகிறது என்பது என் எண்ணம்.

ஆனாலும் இஷ்டத்துக்கு எழுத முடியாது. லீக்கில் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-ல் ஓர் அணிக்கு 27.92 கோடி டாலர். டாலஸ் அணியின் டாக் பிரஸ்காட்டுக்கு 2024-ல் போட்ட ஒப்பந்தம் சராசரியாக வருடத்துக்கு 6 கோடி. முதல் ஆளுக்கு இவ்வளவு கொடுத்த அணி இரண்டாம் ஆளிடம் கையைக் கட்டிக்கொள்ளும், ஏழு சீசன் கண்ட மூத்தவருக்கான குறைந்தபட்சச் சம்பளமே (2025-ல் 12.55 லட்சம் டாலர்) போதும் என்று சொல்லிப் பார்க்கும். குறைந்த சம்பளத்தில் ஓர் இளைஞனை முதல் ஆளாக வைத்திருக்கும் அணியின் கதை வேறு. கையில் காசு இருக்கும். பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு மூத்தவரும் தேவைப்படுவார். ஒரே மனிதருக்கு ஓர் ஊரில் ஒரு விலை, அடுத்த ஊரில் நாலு மடங்கு விலை.

அப்படி விலை போக இவர்களிடம் இருக்கும் சரக்கு என்ன? முதலில், பாடம். ஒவ்வொரு பயிற்சியாளரிடமும் ஒரு தனி மொழி இருக்கிறது. நகர்வுகளின் பெயர்கள் சங்கேதச் சொற்களாக நீளும். ஒரே நகர்வுக்கு ஊருக்கொரு பெயர். டேனியல் கான்சஸ் சிட்டியில் ஆண்டி ரீடிடம் மூன்று சீசன் இருந்து அந்த மொழியைக் கரைத்துக் குடித்தவர். அங்கே ரீடுக்குத் துணையாக இருந்த டக் பீடர்சன் 2016-ல் ஃபிலடெல்ஃபியாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். கூடவே டேனியலையும் அழைத்துக்கொண்டார். மூன்று வருடம், 2.1 கோடி டாலர், அதில் 1.2 கோடி உத்தரவாதம். அந்த சீசனில் டேனியல் வீசியது ஒரே ஒரு பந்து. அது போய்ச் சேர்ந்த தூரம் 16 கஜம். ரீடின் இன்னொரு சீடரான மாட் நேகி 2018-ல் சிகாகோவுக்குத் தலைமை ஏற்றபோதும் இதே கதைதான்: இரண்டு வருடம், 1 கோடி டாலர். அந்த மொழி பேசத் தெரிந்த ஆள் கூடவே இருந்தால் பயிற்சியாளருக்கு நிம்மதி. இளம் குவார்ட்டர்பேக்குக்கும் நள்ளிரவில் போன் போட்டுக் கேட்க ஒருவர் கிடைப்பார்.

மீதி வேலையெல்லாம் வாரநாட்களில். பயிற்சியில் நல்ல நகர்வுகள் எல்லாம் முதல் ஆளுக்கே போகும். பேக்அப்புக்கு வாய்ப்பது நடிப்பு. வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை எதிரில் நிற்கப்போகும் குவார்ட்டர்பேக் எப்படி ஓடுவார், எப்படி எறிவார் என்று பார்த்து, சொந்த அணியின் தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் அவரைப் போலவே ஆடிக் காட்ட வேண்டும். தன் அணியின் ஆட்டத்தை மனதுக்குள் மட்டும் ஓட்டிக்கொள்ள வேண்டும். அப்படி ஓட்டிக்கொண்டிருந்த டேனியலுக்கு 2018 நவம்பரில் அழைப்பு வந்தது. ஞாயிறு இரவு ஆட்டத்தில் முதல் ஆள் மிட்ச் ட்ரூபிஸ்கிக்குத் தோளில் அடி. அடுத்த ஆட்டம் வியாழக்கிழமை பகல், நன்றி நவிலும் நாள், டெட்ராய்ட்டில். நடுவில் மூன்றே நாள். 2014-க்குப் பிறகு ஒருமுறைகூட முதல் ஆளாக இறங்காத மனிதர், 230 கஜம் வீசி, இரண்டு டச்டவுன் போட்டு, 23-16 என்று ஜெயித்துக் கொடுத்தார். அடுத்த வாரம் நியூயார்க் ஜயண்ட்ஸிடம் தோற்றதும் அவரேதான். பேக்அப்பிடம் இதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை; இரண்டில் ஒன்று ஜெயித்தால் கும்பிடு போடுவார்கள்.

சந்தையின் இன்னொரு பக்கம் சூதாட்டம். பயத்துக்காகக் கொடுக்கும் விலை லட்சத்திலும் சில கோடியிலும் நின்றுவிடுகிறது. ஆசைக்காகக் கொடுக்கும் விலைக்கு எல்லை கிடையாது. க்ரீன் பே அணியில் ஆரன் ராட்ஜர்ஸுக்குப் பின்னால் நின்ற மாட் ஃப்ளின், 2012 புத்தாண்டு தினத்தில் கிடைத்த வாய்ப்பில் 480 கஜமும் ஆறு டச்டவுன்களும் எறிந்தார். அந்த ஒரு பிற்பகலை நம்பி சியாட்டில் அவருக்கு மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்தது. ஆகஸ்டுக்குள், இளம் வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மூன்றாம் சுற்றில் எடுத்த ரஸல் வில்சன் என்ற புதுப் பையன் அவர் இடத்தைப் பிடித்துவிட்டான். ப்ராக் ஆஸ்வைலர் ஏழு ஆட்டம் ஆடிக் காட்டியதற்கு 2016-ல் ஹூஸ்டன் நாலு வருடத்துக்கு 7.2 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. ஒரே வருடத்தில் கசந்துவிட்டது. அவர் சம்பளச் சுமையைத் தலையிலிருந்து இறக்க, க்ளீவ்லண்டுக்கு அவரைத் தள்ளிவிட்டு, கூடவே ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமையையும் கொடுத்தார்கள். பழைய சோபாவை எடுத்துப்போகிறவனுக்கு நாமே காசு கொடுப்பது மாதிரி.

இந்தக் கதைகளுக்கெல்லாம் தலைப்பிள்ளை நிக் ஃபோல்ஸ். 2016-ல் ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தவர். 2017-ல் ஃபிலடெல்ஃபியா அவரை இரண்டு வருடம், 1.1 கோடிக்குப் பேக்அப்பாக எடுத்தது. அந்த டிசம்பர் 10-ம் தேதி, லாஸ் ஏஞ்சலஸில், அணியின் நட்சத்திரம் கார்சன் வென்ட்ஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. ஃபோல்ஸ் உள்ளே வந்தார். எட்டு வாரம் கழித்து, 2018 பிப்ரவரி 4-ல், மினியாபோலிஸில் டாம் பிராடியின் நியூ இங்கிலாந்தை 41-33 என்று சாய்த்து சூப்பர் பௌல் கோப்பையைத் தூக்கினார். 373 கஜம், மூன்று டச்டவுன். போதாததற்கு, நான்காவது வாய்ப்பில் தானே ஓடிப்போய்ப் பந்தைப் பிடித்து இன்னொன்று. அவருக்கு மேலே நின்ற பீடர்சனும் ஒருகாலத்தில் ப்ரெட் ஃபாவ்ருக்குப் பேக்அப்பாகத் தொப்பி போட்டு நின்றவர். அணியின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஃப்ராங்க் ரைக், பஃபலோவில் ஜிம் கெல்லிக்கு மாற்றாக இறங்கி, 35-3 என்று பின்தங்கிய ஆட்டத்தை 1993-ல் மீட்டெடுத்தவர். பேக்அப்பை எப்படி ஆடவைப்பது என்று அந்த அறையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான் அடுத்து நடந்தது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. 2019-ல் ஃபிலடெல்ஃபியா ஃபோல்ஸைத் தக்கவைக்க 2 கோடி டாலர் வருடச் சம்பளத்துக்கான ஷரத்தைக் கையிலெடுத்தது. ஃபோல்ஸ் தன் பையிலிருந்து 20 லட்சம் டாலரைத் திருப்பிக் கட்டி விடுதலை வாங்கிக்கொண்டார். வெளியே ஜாக்சன்வில் காத்திருந்தது: நாலு வருடம், 8.8 கோடி, அதில் 5 கோடிக்கு மேல் உத்தரவாதம். செப்டம்பரில் முதல் ஆட்டம், முதல் கால்பகுதி. 35 கஜத்துக்கு ஒரு பந்தை எறிந்தார், அது டி.ஜே. சார்க் கையில் டச்டவுனாக விழுந்தது. எறிந்த கையோடு கான்சஸ் சிட்டியின் க்றிஸ் ஜோன்ஸ் அவர் மேல் விழுந்திருந்தார். கூட்டம் கொண்டாட, ஃபோல்ஸ் இடது காறை எலும்பு முறிந்து புல்லில் கிடந்தார். ஆறாம் சுற்றில் எடுத்த மீசைக்காரப் பையன் கார்ட்னர் மின்ஷூ அந்த ஆட்டத்தின் மிச்சத்தை ஆடினான். அந்த சீசனில் முதல் ஆளாக இறங்கிய நாலு ஆட்டத்திலும் ஃபோல்ஸுக்குத் தோல்விதான். அடுத்த மார்ச்சில் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு அவரை சிகாகோவிடம் கொடுத்துவிட்டார்கள். (அந்த மின்ஷூவும் 2024-ல் லாஸ் வேகஸிடம் இரண்டு வருடத்துக்கு 2.5 கோடி வாங்கினார். நவம்பரில் அவருக்கும் காறை எலும்பு முறிந்தது.)

மார்ச்சுக்கு வெளியே வாங்கப்போனால் விலை இன்னும் கொடூரம். 2016 ஆகஸ்ட் 30-ம் தேதி பயிற்சியின்போது, யாரும் தொடாமலேயே மின்னசோட்டாவின் டெடி ப்ரிட்ஜ்வாட்டருக்கு முழங்கால் போயிற்று. நாலு நாள் கழித்து சாம் பிராட்ஃபோர்டை வாங்க அந்த அணி ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் கூடவே ஒரு நான்காம் சுற்றையும் எடுத்துவைத்தது. ஏழு வருடம் கழித்து அதே அணிக்கு அதே அவசரம். இந்த முறை மலிவாக முடிந்தது. அரிசோனாவிலிருந்து ஜாஷ் டாப்ஸ், செவ்வாய்க்கிழமை வந்தவர். விண்வெளிப் பொறியியல் படித்தவர் என்பதால் ஊடகங்களுக்குச் செல்லப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை அட்லாண்டாவில் முதலில் இறங்கிய புதுமுகத்துக்குத் தலையில் அடிபட, டாப்ஸ் போனார். பந்தைக் கேட்கும் குரலின் தாளத்தைக் கோட்டோரத்தில் நின்று ஒத்திகை பார்த்துவிட்டு, சக வீரர்களின் பெயர்கூடச் சரியாகத் தெரியாமல், ரேடியோவில் பயிற்சியாளர் விளக்கிச் சொல்லச் சொல்ல ஆடி, 31-28 என்று ஜெயித்தார். டிசம்பரில் அவரையும் உட்காரவைத்துவிட்டார்கள். அடுத்த வருடம் சான் ஃபிரான்சிஸ்கோவில், மறுபடி பேக்அப்.

அந்த சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஆள் தேடும் பயம் வந்ததற்கும் காரணம் உண்டு. 2023 ஜனவரி 29, ஃபிலடெல்ஃபியா, சூப்பர் பௌலுக்கு முந்தைய ஆட்டம். முதல் ஆளாக இறங்கிய ப்ராக் பர்டிக்கு முழங்கையில் அடி. மாற்றாக வந்த ஜாஷ் ஜான்சனுக்குத் தலையில் அடி. எறிய முடியாத கையோடு பர்டியே திரும்ப உள்ளே போனார். அணி பந்தை ஓடி ஓடியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. 31-7. மூன்றாவது குவார்ட்டர்பேக்கை ஆட்ட நாள் எண்ணிக்கையில் சேர்க்காமல் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அந்த மே மாதமே லீக் விதியை மாற்றியது.

சமீப காலமாக மேலாளர்கள் ஒப்பந்தத்தையே புத்திசாலித்தனமாக எழுதுகிறார்கள். ஜோ ஃப்ளாக்கோ 2023 நவம்பரில் 38 வயதில் வீட்டிலிருந்து கிளம்பி வந்து, க்ளீவ்லண்டுக்கு நாலு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்து, ப்ளேஆஃப் வரை கூட்டிப்போனார். அடுத்த வருடம் இண்டியானாபோலிஸ் அவருக்குக் கொடுத்த உத்தரவாதம் 45 லட்சம். களத்தில் இறங்கி ஆடினால் 87 லட்சம் வரை ஏறும். நின்றால் ஒரு கூலி, ஆடினால் ஒரு கூலி. இது நியாயமாகத்தான் படுகிறது, பத்து வருடம் முன்பே தோன்றியிருக்க வேண்டிய யோசனை.

ஃபிலடெல்ஃபியா மைதானத்துக்கு வெளியே ஃபோல்ஸும் பீடர்சனும் பேசிக்கொண்டு நிற்பது போல ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. வென்ட்ஸுக்கு அங்கே சிலை இல்லை. 2019-ல் 12.8 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கிய அவர், 2020 முதல் ஆறு சீசன்களில் ஆறு அணிகளுக்காக முதல் ஆளாக இறங்கிய முதல் குவார்ட்டர்பேக் ஆனார். கடைசி மூன்று ஊர்களிலும் அவர் போனது பேக்அப்பாகத்தான். 2025-ல் மின்னசோட்டா, ஓராண்டு ஒப்பந்தம். அங்கே முதல் ஆளுக்குக் கணுக்காலில் அடிபட, வென்ட்ஸ் உள்ளே போனார். லண்டனில் க்ளீவ்லண்டுக்கு எதிராக இடது தோளில் அடிபட்டு வெளியே போய், திரும்பி வந்து, 25 விநாடி மிச்சமிருக்கும்போது வெற்றிப் பந்தை எறிந்தார். அந்தத் தோளோடு இன்னும் இரண்டு ஆட்டம் ஆடினார். அக்டோபர் கடைசியில் அறுவை சிகிச்சை. மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது.