இணையத்தில் நம் செய்திகள் வழி கண்டுபிடிப்பது எப்படி?

வளைகுடாவில் வேலை பார்க்கும் வாப்பா தன் மகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புகிறார். சில நொடிகளில் அது ஊரில் இருக்கும் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. நம் வீடுகளில் தினமும் நடக்கும் விஷயம்தான். அதனாலேயே இது எப்படி நடக்கிறது என்று நாம் யோசிப்பதில்லை. ஒருநாள் படம் போகவில்லை, அழைப்பு கிடைக்கவில்லை என்றால் மட்டும் பதறுகிறோம். "நெட் இல்லை" என்கிறோம். எங்கே இல்லை? நம் வீட்டிலா, இணைய சேவை தரும் நிறுவனத்திலா, கடலுக்கு அடியிலா? அந்தப் படம் வரும் வழியைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

துண்டுகளாகப் பயணிக்கும் படம்

அந்தக் காலத்து டிரங்க் கால் நினைவிருக்கிறதா? இரண்டு பேர் பேச வேண்டுமென்றால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு தடத்தை அவர்களுக்கென்றே ஒதுக்கினார்கள். பேசினாலும் சும்மா இருந்தாலும் அந்தத் தடம் வேறு யாருக்கும் கிடையாது. நடுவில் ஓர் இடத்தில் அறுந்தால் பேச்சும் போச்சு.

1960களில் அமெரிக்காவில் பால் பேரன், பிரிட்டனில் டொனால்ட் டேவிஸ் ஆகிய இருவரும் தனித்தனியே வேறொரு யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள். தகவலைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் மீதும் முகவரி எழுதி, எல்லோருக்கும் பொதுவான தடங்களில் அனுப்பிவிடலாம் என்பதே அது. அந்தத் துண்டுக்கு 'பாக்கெட்' என்று பெயர் வைத்தவர் டேவிஸ்.

இன்றும் அதே முறைதான். ஒரு பாக்கெட் பெரும்பாலும் 1,500 பைட்டுகளைத் தாண்டாது. எனவே 3 எம்.பி. அளவுள்ள ஒரு படம் ஏறத்தாழ 2,000 துண்டுகளாகிறது. ஒவ்வொன்றிலும் அனுப்பும் முகவரி, சேரும் முகவரி, எத்தனையாவது துண்டு என்ற குறிப்பு எல்லாம் இருக்கும். அவை முதலில் வாட்ஸ்அப் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து மகளின் கைப்பேசிக்கு வருகின்றன. வரிசை மாறி வந்தால் கைப்பேசி அடுக்கிக்கொள்ளும். ஏதாவது வந்து சேரவில்லை என்றால் அந்தத் துண்டு மட்டும் மறுபடி அனுப்பப்படும்.

நேரடிப் பேச்சில் இதற்கு அவகாசம் இல்லை. தொலைந்த துண்டைத் திரும்ப வாங்குவதற்குள் பேச்சு அடுத்த வார்த்தைக்குப் போய்விடும். அதனால் அதை விட்டுவிடுகிறார்கள். படம் முழுதாக வரும் அதே இணைப்பில் குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வழி சொல்வது யார்?

பாக்கெட்டுக்கு வழி காட்டும் கருவி ரூட்டர். நம் வீட்டு வைஃபை பெட்டியும் ஒரு ரூட்டர்தான். நிறுவனங்களில் இருப்பவை பெரியவை. ஆச்சரியம் என்னவென்றால், முழு வழியும் எந்த ரூட்டருக்கும் தெரியாது. "இந்த முகவரிக்கா? அடுத்து அவரிடம் கொடு" என்பது மட்டும்தான் தெரியும். வெளியூரில் வழி கேட்டுப் போகிறவருக்கு ஒவ்வொரு முச்சந்தியிலும் ஒருவர் அடுத்த முச்சந்தி வரை வழி சொல்வது போன்றது இது. வழி தப்பிய பாக்கெட் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக, அதில் ஓர் எண் வைக்கப்படுகிறது. ரூட்டரைக் கடக்கும்போதெல்லாம் அது ஒன்று குறையும். பூஜ்யம் ஆனதும் பாக்கெட் கைவிடப்படும்.

இணையம் என்பது ஒரே நிறுவனத்தின் சொத்து அல்ல. 70,000-க்கும் மேற்பட்ட தனித்தனி வலைப்பின்னல்கள் ஒன்றோடொன்று இணைந்த கூட்டம் அது. "இந்த முகவரிகளுக்கு என் வழியாக வரலாம்" என்று ஒவ்வொரு வலைப்பின்னலும் தன் அண்டை வலைப்பின்னல்களுக்கு அறிவிக்கிறது. அவை அதைத் தம் அண்டையில் உள்ளவர்களுக்குச் சொல்கின்றன. இப்படியே செய்தி உலகம் முழுக்கப் பரவுகிறது. இதற்கான விதிமுறை 'பி.ஜி.பி.' 1989இல் வெளியானது. சொல்வது உண்மையா என்று சோதிக்கும் ஏற்பாடு அதற்குள் இல்லை. சொன்னதை நம்புவதுதான் அதன் அடிப்படை.

கேபிள் அறுந்தபோது

இந்த அமைப்பின் பலமும் பலவீனமும் 2008இல் ஒரே மாத இடைவெளிக்குள் வெளிப்பட்டன.

நாடுகளுக்கு இடையே இணையம் செயற்கைக்கோள் வழியாக வருகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அதன் பெரும்பகுதி கடலுக்கு அடியில் கிடக்கும் கண்ணாடி இழைக் கேபிள்களில்தான் வருகிறது. அவற்றில் ஒன்றான 'சீ-மீ-வீ 4' பிரான்ஸில் தொடங்கி எகிப்து, ஜித்தா, ஃபுஜைரா, மும்பை, கொழும்பு, சென்னை வழியாகச் சிங்கப்பூர் வரை போகிறது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே இந்தக் கேபிளும் 'ஃபிளாக்' என்ற இன்னொரு கேபிளும் அறுந்தன. இரண்டு நாள் கழித்து அமீரகத்துக்கும் ஓமனுக்கும் இடையே 'ஃபால்கன்' கேபிள் அறுந்தது. அந்த இடத்தில் கைவிடப்பட்ட ஒரு கப்பல் நங்கூரம் கிடந்தது.

எகிப்து, வளைகுடா நாடுகள், பாகிஸ்தான், இந்தியா எங்கும் இணையம் மிகவும் மெதுவானது. ஆனால் அடியோடு நின்றுவிடவில்லை. மேற்குப் பக்கம் வழி இல்லை என்றானதும் பாக்கெட்டுகள் கிழக்கே திரும்பி, பசிபிக் கடலைத் தாண்டிச் சுற்றுவழியில் போயின.

தவறான அறிவிப்பு பரவியபோது

அதே ஆண்டு பிப்ரவரி 24 அன்று எந்தக் கேபிளும் அறுபடவில்லை. ஆனாலும் யூடியூப் உலகின் பல பகுதிகளில் காணாமல் போனது. அரசு உத்தரவுப்படி யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க, பாகிஸ்தானின் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒரு பொய் வழியைப் போட்டது. உள்ளேயே நிற்க வேண்டிய அந்த அறிவிப்பு, ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் வழியாக வெளியே கசிந்தது.

ரூட்டர்கள் அதை ஏன் நம்பின? ஒரு பலகையில் 'தூத்துக்குடி மாவட்டம்' என்றும் இன்னொன்றில் 'காயல்பட்டினம்' என்றும் இருந்தால், காயல்பட்டினம் போகிறவர் இரண்டாவது பலகையைத்தானே பார்ப்பார்? ரூட்டர்களும் குறுகலான, குறிப்பான அறிவிப்பையே தேர்ந்தெடுக்கும். யூடியூப் சொன்னதைவிடக் குறிப்பாக அந்தப் பொய் அறிவிப்பு இருந்தது. சரியாக இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது.

2021 அக்டோபர் 4 இரவை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். நம் நேரப்படி இரவு 9 மணிக்குப் பிறகு வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் சேர்ந்து நின்றன. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளை, ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் இணைப்புகளைத் துண்டித்தது. அதைத் தொடர்ந்து "எங்களிடம் வர இதுதான் வழி" என்ற அறிவிப்புகளும் விலக்கிக்கொள்ளப்பட்டன. இருக்கும் இடம் யாருக்கும் தெரியாமல் போனது. மீண்டுவர ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடித்தது.

கேபிள் அறுந்தால் இணையம் சமாளித்துக்கொள்கிறது. பொய்யான வழி பரவினால்தான் தடுமாறுகிறது. அதனால் இப்போது பல வலைப்பின்னல்கள், அறிவிப்பவர் அந்த முகவரிக்கு உரியவர்தானா என்று டிஜிட்டல் கையொப்பம் மூலம் சரிபார்க்கத் தொடங்கியிருக்கின்றன.

உறைக்கு வெளியே தெரிவது

பாக்கெட் பல கைகள் மாறி வருகிறது என்றால், வழியில் யாராவது படிக்க முடியுமா? வாட்ஸ்அப் செய்தி அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டும் புரியும்படி பூட்டப்படுகிறது. வங்கித் தளங்களும் இப்படியே பூட்டி அனுப்புகின்றன. ஆனால் உறைக்குள் இருக்கும் கடிதத்தைத்தான் பூட்ட முடியும். உறை மேல் உள்ள முகவரியைப் பூட்டினால் ரூட்டர் எப்படி வழி காட்டும்? என்ன எழுதினோம் என்பது மறைவாக இருந்தாலும், எந்தத் தளத்துக்கு எப்போது போனோம் என்பது வழியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியும். ரயில் நிலையத்திலோ ஹோட்டலிலோ இலவச வைஃபை பயன்படுத்தும்போது இதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம். "பாதுகாப்பற்ற தளம்" என்று பிரவுசர் எச்சரித்தால் அங்கே கடவுச்சொல்லை இடக் கூடாது.

இன்னொன்றும் செய்யலாம். வெளிநாட்டில் இருப்பவரிடமிருந்து பதில் வரவில்லை என்றதும் கெட்டதை நினைக்க வேண்டாம். முதலில் வேறு ஒரு தளம் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் நம் இணைப்பில் கோளாறு இல்லை. அந்த ஒரு செயலி நின்றிருக்கலாம். எதுவுமே திறக்கவில்லை என்றால் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயலுங்கள். அதுவும் இல்லையென்றால் சாதாரண தொலைபேசி அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் இருக்கின்றன. 2021இல் வாட்ஸ்அப் நின்ற அந்த இரவிலும் அவை வேலை செய்தன. ஆனால் அதற்கு எண் கையில் இருக்க வேண்டும். வாப்பாவின் எண்ணையும், அவருடன் தங்கியிருக்கும் ஒருவரின் எண்ணையும் நாட்டுக் குறியீட்டோடு ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்வோம்.