மாமனார் கேட்ட கேள்வி



"நேரம் போதவில்லை" என்று இந்த வாரத்தில் எத்தனை முறை கூறியிருப்பீர்கள்? அலுவலகத்தில் முடியாத வேலைகள், வீட்டில் பிள்ளைகளின் படிப்பு, ஆலயத்தில் நவநாளும் சங்கக் கூட்டங்களும், இவற்றுக்கிடையே ஓயாத தொலைபேசி அழைப்புகள். இவற்றுள் தீயது என்று ஒதுக்கத்தக்கது எதுவுமில்லை. ஆயினும், நாள் முழுவதும் உழைத்தும் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்ற உறுத்தல் இரவில் நம் நெஞ்சில் எஞ்சுகின்றது. இஸ்ரயேல் மக்களை எகிப்திலிருந்து நடத்திச் சென்ற மோசேயும் ஒரு காலத்தில் இத்தகைய நிலையிலேயே இருந்தார். அவருக்கு வழிகாட்டியவர் அவருடைய மாமனார் இத்திரோ.

விடுதலைப் பயண நூலின் 18ஆம் அதிகாரம் இந்நிகழ்வை எடுத்துரைக்கின்றது. மிதியான் நாட்டு அர்ச்சகரான இத்திரோ, தம் மகள் சிப்போராவையும் பேரப்பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு பாலைநிலத்தில் தங்கியிருந்த மோசேயிடம் வந்தார். மறுநாள், மோசே மக்களின் வழக்குகளைத் தீர்ப்பதற்காக அமர்ந்தார். காலை முதல் மாலை வரை மக்கள் அவரைச் சூழ்ந்து நின்றனர். இதைக் கண்ட இத்திரோ, மக்கள் எல்லாரும் நின்றுகொண்டிருக்க, நீர் மட்டும் தனியே அமர்ந்து இதைச் செய்வது ஏன் என்று மருமகனைக் கேட்டார்.

இத்திரோ பேசிய முறையை முதலில் கவனியுங்கள். வந்தவுடன் அவர் குறை கூறவில்லை. இருவரும் நலம் விசாரித்துக்கொண்டனர். மோசே தம் இன்னல்களையும் இறைவன் செய்த அரும்பெரும் செயல்களையும் விவரிக்க, இத்திரோ அனைத்தையும் செவிமடுத்து மகிழ்ந்தார். இறைவனுக்குப் பலி செலுத்தி, மூப்பர்களுடன் அமர்ந்து உணவருந்தினார். மறுநாள் நடந்தவற்றைத் தம் கண்ணாலேயே கண்டார். அதன் பின்னரே கேள்வி எழுப்பினார். மோசே விளக்கம் கூற இடமளித்தார். இறுதியில், நீர் செய்வது நல்லதன்று என ஒளிவுமறைவின்றிக் கூறினார். குறையைச் சுட்டியதோடு நில்லாமல், அதைத் தீர்க்கும் வழியையும் காட்டினார். அந்த வழியையும் இறைவனின் திருவுளத்திற்கே உட்படுத்தினார்.

நம் இல்லங்களில் இந்த ஒழுங்கு பெரும்பாலும் தலைகீழாக இருப்பதை நீங்கள் அறிவீர்கள். களைத்து வீடு திரும்பும் கணவரிடம் முதற்சொல்லே குற்றச்சாட்டாக அமைகின்றது. பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டுவரும் பிள்ளை வாய் திறக்குமுன் தீர்ப்பு வழங்கப்படுகின்றது. செவிமடுத்தவருக்கே கண்டிக்கும் உரிமை உண்டு. உடன் மகிழ்ந்தவரின் கண்டிப்பே உள்ளத்தில் தைக்கும்.

இரண்டாவதாக, மோசே அளித்த மறுமொழியைப் பாருங்கள். மக்கள் கடவுளின் திருவுளத்தை அறிய என்னிடம் வருகிறார்கள், நான் அவர்களுக்கு நீதி வழங்குகிறேன் என்றார் அவர். அனைத்தும் உண்மையே, அனைத்தும் புனிதமான பணியே. அங்கேதான் இடர்ப்பாடும் இருந்தது. இவ்வாறு செய்தால் நீரும் களைத்துப்போவீர், உம்மோடு இருக்கும் மக்களும் களைத்துப்போவார்கள் என்று இத்திரோ எச்சரித்தார். எல்லாவற்றையும் தாமே செய்ய முனைபவர் தம்மை மட்டும் வருத்திக்கொள்வதில்லை. தமக்காகக் காத்து நிற்பவர்களையும் வருத்துகின்றார்.

இதை நான் நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய பங்கில் திருவிழா ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தன. பந்தல், ஒலிபெருக்கி, கொடியேற்றம் என எல்லாவற்றிலும் நானே முன்னின்றேன். அன்று காலை முதல் ஒரு தாய் அறைவீட்டு விறாந்தையில் காத்திருந்தார். நண்பகல் கடந்த பின், நின்றபடியே, "ஞானஸ்நானப் பத்திரமா, அம்மா? பெயரை எழுதி வைத்துவிட்டுப் போங்கள். நாளை தருகிறேன்" என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பின்னர் ஒரு பெயரை எழுதி வைத்துவிட்டுச் சென்றார்.

பத்திரம் ஆயத்தமாயிற்று, பெற்றுக்கொள்ள அவர் வரவில்லை. அயலவர் ஒருவரிடம் விசாரித்தேன். "அவவுக்குப் பத்திரம் தேவையில்லை, சுவாமி. போரோடு காணாமற்போன மகனைப் பற்றி உங்களோடு கொஞ்சம் கதைக்க வேணும் என்றுதான் வந்தவ" என்றார் அவர். அந்தத் தாய் எழுதி வைத்தது அம்மகனின் பெயர். அன்று மாலையே அவர் இல்லம் சென்று நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அவர் என்னிடம் எதையும் வேண்டவில்லை. பேசினார், நான் கேட்டேன். பந்தலையும் ஒலிபெருக்கியையும் கவனிக்க ஆற்றல்மிக்க இளைஞர்கள் பங்கில் பலர் இருந்தனர். பங்குத்தந்தையின் செவியைத் தேடி வந்த அத்தாய்க்கோ நான் ஒருவனே இருந்தேன். பிறர் செய்யக்கூடியதை நான் செய்துகொண்டிருந்தேன். நான் மட்டுமே செய்யக்கூடியது காத்துக் கிடந்தது.

மூன்றாவதாக, இத்திரோ காட்டிய வழி பணியைப் பகிர்வதாகும். இறைவனுக்கு அஞ்சுபவரும், நம்பத்தக்கவரும், கையூட்டை வெறுப்பவருமான ஆற்றல் மிக்கோரைத் தெரிந்தெடுத்து, ஆயிரவர், நூற்றுவர், ஐம்பதின்மர், பதின்மருக்குத் தலைவர்களாக நியமிக்கும்படி அவர் கூறினார். கடினமான வழக்குகள் மட்டும் மோசேயிடம் வரட்டும். மற்றவற்றை அவர்களே தீர்க்கட்டும் என்றார். பணியைப் பகிர்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதன்று. அது அடுத்தவரின் ஆற்றலுக்கு மதிப்பளித்து, அவருடைய உழைப்புக்கும் பொருள் தருவதாகும்.

நம் நாட்டின் திருத்தூதரான புனித யோசேவ் வாஸ் அடிகளாரின் வாழ்வும் இதையே உணர்த்துகின்றது. 1687ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தை வந்தடைந்த அவர், ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இத்தீவில் தனியொரு குருவாக, மறைந்து வாழ்ந்த மந்தையைப் பேணினார். ஆயினும் அனைத்தையும் தம் தோள்களிலேயே சுமக்க அவர் எண்ணவில்லை. குரு இல்லாத இடங்களில் மக்களின் விசுவாசத்தைக் காக்கும் பொறுப்பை மூப்பர்களிடமும் அண்ணாவிமாரிடமும் ஒப்படைத்தார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். 1711 ஜனவரி 16ஆம் நாள் வாஸ் அடிகளார் கண்டியில் இறையடி சேர்ந்தார். பணி பலருடைய கைகளில் இருந்தமையால் அவரோடு அது மடியவில்லை. 2015 ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது அங்கு திரண்ட மக்கள் வெள்ளமே அதற்குச் சான்று.

அன்பர்களே, இவ்வாரம் ஒரு சிறு முயற்சியை மேற்கொள்வோம். நாம் சுமக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதி, நாம் மட்டுமே செய்யக்கூடியவை எவை என்று இறைவன் திருமுன் கேட்டுப் பார்ப்போம். பிள்ளைக்குத் தந்தையாகவும் தாயாகவும் இருப்பது, முதிர்ந்த பெற்றோரின் அருகில் அமர்வது, இறைவனோடு தனித்திருப்பது ஆகியவற்றை வேறெவரிடமும் ஒப்படைக்க இயலாது. மற்றவற்றுள் ஒன்றையேனும் நம்பத்தக்க ஒருவரிடம் கொடுப்போம். நாள்தோறும் ஒரு வேளை உணவையாவது தொலைபேசியை அப்பால் வைத்துவிட்டு, குடும்பத்தினரின் பேச்சைக் கேட்டபடி உண்போம். நம் குறையை அன்போடு எடுத்துச் சொல்லும் இத்திரோ ஒருவர் நம் வீட்டிலும் இருக்கலாம், அவருக்குச் செவிகொடுப்போம்.

மோசே தம் மாமனாரின் சொல்லைக் கேட்டு நடந்தார். அடுத்த அதிகாரத்திலே அவர் சீனாய் மலைமீது ஏறுவதைக் காண்கின்றோம். அங்கே இறைவன் அவருக்காகக் காத்திருந்தார். நமக்காகவும் அவர் காத்திருக்கின்றார். நம் வீட்டு விறாந்தையிலும் ஒருவர் காத்திருக்கலாம். அவரை இனம் காணும் கண்களையும், அவருக்காக அமரும் மனத்தையும் இறைவன் நம் ஒவ்வொருவருக்கும் அருள்வாராக.