கருடனும் கரும்பருந்தும் எதற்காக மோதுகின்றன?

மார்கழி பிறந்துவிட்டால் வில்லியனூர், பாகூர் பக்கத்துத் தோப்புகளுக்கு மேலே பருந்துகளின் கூச்சல் கூடிவிடும். கருடன் என்று பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்தும், இறைச்சிக் கழிவைத் தேடி ஊருக்குள் வட்டமிடும் கரும்பருந்தும் ஏறக்குறைய ஒரே பருவத்தில்தான் கூடு கட்டுகின்றன. இரண்டுக்கும் உயரமான மரம் வேண்டும், கனத்தைத் தாங்கும் கவட்டை வேண்டும், தடையில்லாமல் வந்து இறங்க வெளி வேண்டும். ஒன்றையொன்று துரத்துவதையும் நகம் நீட்டிப் பாய்வதையும் வீட்டு மாடியிலிருந்து பார்க்கிறவர்கள் இரைக்குத்தான் அடித்துக்கொள்கின்றன என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தப் பருவத்துச் சண்டைகளில் பெரும்பாலானவை மரத்துக்கானவை என்பதே என் வாதம்.

இரைக்கான துரத்தலும் உண்டு. பிற பறவை பிடித்த மீனைப் பிடுங்குவதில் செம்பருந்து கெட்டிக்காரப் பறவை. ஆனால் அப்போது முன்னால் பறக்கும் பறவையின் காலில் ஏதாவது இருக்கும். இரை கைமாறியதும் துரத்தல் நின்றுவிடும். கூட்டுச் சண்டை அப்படியல்ல. அது அதே மரத்தைச் சுற்றி நாள்தோறும் நடக்கும், வெறுங்காலோடு வருகிறவனையும் விரட்டும், மரத்தை விட்டு விலகியதும் தணிந்துவிடும். இதைப் பார்க்கத் தொலைநோக்கிகூட வேண்டாம். மேலும் இங்கே இரைக்குப் பெரிய பஞ்சமில்லை. ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் மீனும் நண்டும் உண்டு. புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூர் வயல்களில் எலியும் தவளையும் உண்டு.

கூடு ஏன் அவ்வளவு பெரிய சொத்து? சுள்ளி அடுக்கி, கந்தலும் முடியும் காகிதமும் பரப்பிய மேடை அது. ஓர் ஆண்டோடு கைவிடுவதில்லை. பழைய கூட்டைச் செப்பனிட்டு மறுபடி பயன்படுத்துவது பருந்துகளின் வழக்கம். செம்பருந்து பெரும்பாலும் 2 முட்டை இடும். அடைகாக்க நான்கு வாரம், குஞ்சு பறக்க மேலும் ஏழெட்டு வாரம். இத்தனை நாளும் அந்த மரம் அந்த இணையின் வசம் இருந்தாக வேண்டும். எனவே கூட்டை எப்படிக் காப்பது என்பதற்குப் பருந்துகள் நுட்பமான வழி கண்டிருக்கின்றன. ஸ்பெயினின் தொஞானா தேசியப் பூங்காவில் கரும்பருந்துகளை ஆராய்ந்தவர்கள் 2011-இல் வெளியிட்ட முடிவு வியப்பானது. அங்கே பருந்துகள் கூட்டில் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகளைப் பரப்பி வைக்கின்றன. நல்ல வயதில் உள்ள வலுவான இணைகளின் கூட்டில் அது நிறைய இருக்கும்; இளசுகளும் கிழங்களும் குறைவாகவே வைக்கும். நிறைய வைத்த கூட்டுக்கு அத்துமீறி வருபவை குறைவு. ஆராய்ச்சியாளர்கள் தாங்களாகவே கூடுதலாகத் துண்டுகளை வைத்தபோது பருந்துகள் அவற்றை எடுத்து எறிந்தன. தாங்க முடியாத வீறாப்பைக் காட்டினால் சவாலுக்கு ஆள் வரும் என்பது அவற்றுக்குத் தெரியும்போலும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு: சண்டை நடக்கிறது என்பதாலேயே இடம் பற்றவில்லை என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. இதற்கு விடை நெதர்லாந்திலிருந்து கிடைக்கிறது. கடலை அடைத்து மீட்ட, மரமே இல்லாத சமவெளியில் சென்ற நூற்றாண்டில் சிறு வல்லூறுகளுக்காகப் பெட்டிகளை நட்டார்கள். விரல்விட்டு எண்ணத்தக்க இணைகளே இருந்த இடத்தில் நூறு இணைகளுக்கு மேல் குடியேறின. இரை முன்பே இருந்தது. இல்லாதிருந்தது கூடுவைக்கும் இடம்தான். மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் பெட்டி வைத்ததும் கூகைகள் பெருகியதும் இதே கதை.

நம் பக்கத்தில் மரத்துக்கு என்ன ஆயிற்று என்பதை எல்லாரும் அறிவோம். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய தானே புயல் மரங்களை வேரோடு சாய்த்தது. பருந்துகள் கூடு கட்டத் தொடங்கும் வேளை அது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தது. அதற்குப் பிறகு கன்று நட்டோமே என்று கேட்கலாம். நட்டது நல்லது, ஆனால் பருந்தின் கூட்டைத் தாங்கும் கவட்டை ஓர் ஆலிலோ மாவிலோ உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். கைப்பேசிக் கோபுரங்களில் கட்டிக்கொள்ளட்டுமே என்பவர்களுக்கு: கரும்பருந்து கட்டிக்கொள்ளும். நீர்நிலையை ஒட்டிய மரங்களையே பெரிதும் நாடும் செம்பருந்துக்கு அது மாற்றாகாது. மேடைக் கூடு கட்டும் பறவைக்குப் பெட்டியும் உதவாது. பெட்டி உதவுவது கூகைக்கும் புள்ளி ஆந்தைக்கும். மைனாவோடு பொந்துக்குப் போட்டியிடும் அந்த ஆந்தைக்கு, மொட்டையாகிப் பட்டுப்போன பனைமரம்கூட வீடுதான். அதை விறகுக்கு வெட்டாமல் விட்டாலே போதும்.

கூட்டருகே போகிறவர்கள் தலையில் கரும்பருந்து அடிக்கிறதே, கலைத்துவிட்டால் என்ன என்றும் கேட்கிறார்கள். அடி குஞ்சுள்ள சில வாரங்களுக்கு மட்டும்தான். அதுவரை அந்த வழியில் குடையோடு போகலாம். கூட்டைக் கலைத்தால் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். ஏரிக்கரையிலும் மின்கம்பிக்கு அடியிலும் கிளை கழிக்க வேண்டியிருந்தால், மார்கழி முதல் வைகாசி வரை கைவைக்காமல் ஆடி, ஆவணியில் கழிக்கலாம்: கூடுகள் காலியாக இருக்கும், அடுத்த மழைக்கு முன் வேலையும் முடிந்துவிடும்.