உங்களுக்குத் தெரியுமா? ஆபீஸ் பரணிலிருந்து இறங்குபவை

புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் உண்மையில் தொண்டைமான் மன்னர்களின் புது அரண்மனைக்குள்தான் போகிறார்கள். 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அரண்மனையே அலுவலகமும் ஆனது. பழைய பொருளுக்குப் புது வேலை கொடுப்பதில் நம் ஊர் அன்றைக்கே முன்னே நின்றது. அந்த மாளிகையை இடித்திருந்தால் எத்தனை லாரி இடிபாடு எந்தக் கண்மாய்க் கரையில் கொட்டப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அரசு அலுவலகக் கோப்பின் மேல் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று அந்தக் கோப்பின் ஆயுளைத்தான் அது சொல்கிறது. பழைய ஆட்கள் எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்பார்கள். கோப்பை முடிக்கும் அன்றே அதை எப்போது கழிப்பது என்றும் எழுதிவிடும் அருமையான ஏற்பாடு. எழுதியபடி ஆண்டுதோறும் கழித்தால் பரணும் நிறையாது, கரையானுக்கும் இரை கிடைக்காது. தனியார் நிறுவனங்களும் கடைகளும் இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால், நி.மு. என்றால் கை வைக்கக் கூடாது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் இனாம் நிலக் கணக்குகளையும் பிற பழைய ஆவணங்களையும் படித்துத்தான் அமெரிக்க ஆய்வாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் ‘தி ஹாலோ கிரௌன்’ நூலை எழுதினார். 1987-இல் வெளிவந்த அந்த நூலால் உலகப் பல்கலைக்கழகங்களில் நம் ஊரின் பெயர் அடிபடுகிறது. யாரோ ஒரு ஆவணக் காப்பாளர் அந்தக் கட்டுகளை எடைக்குப் போடாமல் வைத்திருந்தார். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா நூலகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இருக்கின்றன. கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி ஆயுள் முழுக்கத் தேடித் தேடிச் சேர்த்தவை. முதல் பதிப்புகளும் பழைய இதழ்களும் அங்கே ஏராளம். உங்கள் அலுவலகத்தையோ பள்ளியையோ காலி செய்யும்போது பழைய மலர், ஆண்டறிக்கை, வரைபடம் கண்ணில் பட்டால், பேப்பர்க்காரரைக் கூப்பிடுவதற்கு முன் இப்படி ஒரு நூலகத்தைக் கேட்டுவிடுங்கள்.

எடைக்குப் போட்ட காகிதம் எங்கே போகும்? பேப்பர் கடை, மொத்த வியாபாரி, பிறகு காகித ஆலை. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-இல் தொடங்கப்பட்டது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்து பெயர் வாங்கிய ஆலை அது. பழைய காகிதத்தின் மையை நீக்கிக் கூழாக்கும் பிரிவும் அங்கே உண்டு. சக்கையோடு மரக்கூழும் சேர வேண்டும். அந்த மரங்களில் தைலமரமும் உண்டு. புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. தைலமரக் காட்டுக்குள் போட்ட வரப்புகள் மழைத்தண்ணீரைக் கண்மாய்க்கு வரவிடாமல் மறிக்கின்றன என்று நம் விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள். ஆலைக்குப் பழைய காகிதம் எவ்வளவு போகிறதோ, மரக்கூழின் தேவை அவ்வளவு குறையும். ஒரு அலுவலகம் ஒழுங்காகக் கட்டிக்கொடுக்கும் காகித மூட்டைக்கும் கறம்பக்குடி, ஆலங்குடிப் பக்கத்துக் கண்மாய்க்கும் இப்படி ஒரு உறவு இருக்கிறது.

கிழிக்கும் இயந்திரத்தில் எல்லாத் தாளையும் போட்டுவிடாதீர்கள். காகிதத்தின் நாரை ஐந்து முதல் ஏழு முறை வரைதான் திரும்பக் கூழாக்கலாம். பொடியாகக் கிழித்தால் நார் இன்னும் குட்டையாகிவிடும். ரகசியத் தாள்களுக்கு மட்டும் அந்த இயந்திரம் போதும்.

நம் ஊர் கீழ ராஜ வீதிக் கடைகளில் கொடுக்கும் வழுவழுப்பான பில் பழைய பேப்பரில் சேராது. அது சூட்டில் எழுத்து விழும் ரசாயனம் பூசிய தாள். கார்பன் தாளும் லேமினேஷன் செய்த அட்டையும்கூடப் பழைய பேப்பரில் சேராதவை. மூட்டையில் இவை கலந்தால் கூழ் கெட்டுவிடும்.

மின்னணுக் கழிவு வேறு கதை. 2022-இல் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி குப்பைமேட்டுக்கோ, செம்புக்காக வயரை எரிக்கும் இடத்துக்கோ போனது. அந்த வயரின் மேலுறை பிவிசி. எரித்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு வரும். பழைய பெட்டி மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. காயலான் கடைக்காரர் நேர்மையானவராகவே இருக்கலாம், ஆனால் ஈயத்தைப் பிரித்தெடுக்கும் வசதி அவரிடம் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, ஒரு நிதியாண்டில் குறைந்தது 1,000 மின்சார, மின்னணுச் சாதனங்களைப் பயன்படுத்தும் நிறுவனம் ‘மொத்த நுகர்வோர்’. அது பதிவுபெற்றவர்களிடம் மட்டுமே கழிவை ஒப்படைக்க வேண்டும். பத்து கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால், ஈயத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. பக்கத்து அலுவலகங்களோடு சேர்ந்து ஒரு வண்டி நிறையக் கொடுத்தால் பதிவுபெற்ற நிறுவனம் எடுத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

கம்ப்யூட்டரைக் கொடுப்பதற்கு முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றுங்கள். டெலிட் கொடுத்தால் கோப்பின் முகவரிதான் அழியும், கோப்பு அங்கேயே கிடக்கும். ஊரார் ஆதாரும் பட்டாவும் அதில் இருக்கலாம். முழுவதுமாக மேலெழுதி அழிக்க வேண்டும். முடியாவிட்டால் தகட்டில் துளை போட வேண்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் வீரர்களின் கழுத்தில் தொங்கிய சுமார் 5,000 பதக்கங்களுக்கும் வேண்டிய உலோகம் பழைய கைபேசிகளிலிருந்தும் சிறு மின்னணுச் சாதனங்களிலிருந்தும் வந்தது. ஜப்பான் மக்கள் கொடுத்த கழிவு சுமார் 79,000 டன், அதில் கிடைத்த தங்கம் 32 கிலோ.

பழைய பொருளைக் கழித்தால் காசும் வரும். மத்திய அரசு அலுவலகங்கள் 2021 முதல் ஒவ்வொரு அக்டோபரிலும் நடத்தும் தூய்மை இயக்கத்தில், 2024 வரை பழைய பொருள்களை விற்றே 2,364 கோடி ரூபாய் சேர்ந்தது. 2025-இல் தமிழ்நாடு அரசும் தன் அலுவலகங்களில் தேங்கிக் கிடந்தவற்றை அகற்ற ஒரு தூய்மை இயக்கத்தைத் தொடங்கியது.

எல்இடி-க்கு மாறும்போது கழற்றும் ட்யூப்லைட்டை உடைக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. 2027-க்குள் இந்தக் குழல் விளக்கு உற்பத்தியை நிறுத்துவது என்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் முடிவு செய்தன. எனவே இனி வரும் ஆண்டுகளில் எல்லா அலுவலகத்திலும் இவை கட்டுக்கட்டாகக் கீழே இறங்கும். வந்த அட்டைப் பெட்டியிலேயே திரும்ப அடுக்கி, மின்னணுக் கழிவோடு கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக நாற்காலி. பின்னல் அறுந்த பிரம்பு நாற்காலிகளைக் உதவாதவை என்று எழுதித் தள்ளுவதற்கு முன் மரச்சட்டத்தை ஒருமுறை தட்டிப் பாருங்கள். பழைய அலுவலகங்களில் அது தேக்காகவே இருக்கும். நாற்காலி பின்னுவது பார்வையற்றோர் பயிற்சிப் பள்ளிகளில் காலங்காலமாகக் கற்றுத்தரும் தொழில். விரலால் தடவியே எட்டு மூலைக் கண்ணைப் பிசகாமல் பின்னிவிடுவார்கள். உங்கள் ஊர்ப்பக்கம் அப்படி ஒருவர் இருந்தால், அந்த நாற்காலி இன்னும் முப்பது வருஷம் உட்காரக் கொடுக்கும்.