ஆராய்ச்சி மணியும் ஆவின் வழக்கும்

நீதிக் கதைகளில் வரும் விலங்குகள் பெரும்பாலும் விலங்குகள் அல்ல. பஞ்சதந்திரத்து நரியும் சிங்கமும் அரசவை மாந்தரே. தோல் மட்டுமே காட்டினுடையது. அவற்றைக் கற்ற மாணவன் நரியின் சூழ்ச்சியை அறிவானேயன்றி, நரிக்கும் நோவுண்டென்பதை அறியான். விலங்கு விலங்காகவே நின்று தன் துயருக்கு முறை வேண்டும் கதைகள் மிகச் சில. அவற்றுள் தலையாயது, தமிழகத்திலும் ஈழத்திலும் ஒருங்கே வழங்கும் பசுவின் வழக்காகும்.

மகாவம்சம் இதனை அனுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன் செயலாகக் கூறும். பிலிமத்தலாவைப் பித்தளைக் கடைகளிலே தொங்கும் மணிகளைக் காணுந்தோறும் அம்மன்னன் கட்டிய மணியே நம் நினைவிற்கு வரும். அவன் அதனை வாயிலில் மட்டும் தூக்கி அமைந்தானல்லன். தன் படுக்கையின் தலைமாட்டிலே கட்டி, நெடுங்கயிற்றை வெளியே விட்டான். முறை வேண்டுவோர் இழுத்தால் அரசன் துயில் கலையும். ஒருநாள் அவன் மகன் திஸ்ஸ வாவிக்குத் தேரேறிச் செல்கையில், தாயருகே வழியிற் கிடந்த கன்றின் கழுத்தில் அறியாது உருளையை ஏற்றினான். பசு வந்து கயிற்றை இழுத்தது. அத்தேருருளையாலேயே மகன் தலையை அரசன் துணிப்பித்தான். கதை அங்கே முடிகின்றது. மாண்டவர் எவரும் மீளவில்லை.

12 ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் திருவாரூர் மேல் வைத்துப் பாடிய கதையோ விரிந்தது. அமைச்சர் கழுவாய் செய்தாற் போதுமென்கின்றனர். கழுவாய் தாய்ப்பசுவின் நோய்க்கு மருந்தாகுமோ என்பதே மனுவேந்தன் எழுப்பும் வினா. பிறன் கொன்றால் ஒரு நீதி, மகன் கொன்றால் வேறொரு நீதியோ என்றும் அவன் கேட்கின்றான். மைந்தன் மேல் தேரைச் செலுத்தப் பணிக்கப்பட்ட அமைச்சன் தன்னுயிர் விடுகின்றான், அரசனே தேரூர்கின்றான். ஈற்றில் இறைவன் தோன்ற, கன்றும் மைந்தனும் அமைச்சனும் உயிர்பெற்றெழுகின்றனர்.

வகுப்பறையில் நாம் வினவுவது பெரும்பாலும் மன்னன் பெருமை யாது என்பதே. பசு பின்னே மறைந்துவிடுகின்றது. அது புல் வேண்டி வந்ததன்று, இரக்கம் வேண்டியும் வந்ததன்று, வழக்குரைக்க வந்தது. அருள் கொடுப்போன் விருப்பம்; முறையோ கேட்போன் உரிமை. அறியாது செய்த பிழைக்கு உயிர்த்தண்டம் தகுமோ என்று மாணவர் கேட்பர். தகாது என்பதே நம் கருத்து. ஆயினும் கன்றை இழந்த தாயின் துயரை மகனை இழக்கும் தந்தையின் துயரோடு ஒரே துலாக்கோலில் நிறுத்த இக்கதை துணிந்தது. தண்டனையின் அளவினும் அத்துணிவே பெரிது.

சட்டம் அத்துணை துணியவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் 1907 ஆம் ஆண்டு பிறந்த 13 ஆம் இலக்க விலங்கு வதைத் தடைக் கட்டளைச் சட்டம் விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபா. இந்தியாவின் 1960 ஆம் ஆண்டுச் சட்டமோ முதற் குற்றத்திற்கு 50 ரூபாவோடு நின்றது. இலங்கைச் சட்ட ஆணைக்குழு 2006 இல் விலங்கு நலத்திற்கெனப் புதிய சட்ட வரைவொன்றை ஆக்கியது. எச்சட்டத்திலும் விலங்கு தானே வழக்காளியாவதில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டி மோதி வீழ்ந்து கிடக்கும் நாய்க்கு எட்டும் கயிறு எதுவுமில்லை. கண்டவர் இழுத்தாலன்றி மணி ஒலியாது.

மகாவம்சத்தில் மற்றொரு வழக்கும் உண்டு. பனைமரத்திலிருந்த குஞ்சைப் பாம்பு விழுங்க, தாய்ப்பறவை மணியை அடித்தது. அரசன் பாம்பைப் பிடித்து வரச்செய்து, உடலைக் கீறிக் குஞ்சை எடுப்பித்து, பாம்பை அம்மரத்திலேயே தொங்கவிட்டான். இளவரசன் வழக்கினும் இது சிக்கலானது. பாம்பு உண்டது தன் உணவை. புல்லுண்ணும் வகையை எவரும் அதற்குக் கற்பித்திலர். அதன் பொருட்டு மணியடிப்பாரும் இலர். நம் தமிழ் மன்றத்து மாணவர் அடுத்த வழக்காடு மன்றத்திற் பாம்பின் பக்கம் நின்று வாதிடுவாராயின், நடுவராக அமர நாம் சிறிது அஞ்சவே செய்வோம்.