காற்றுத் தூரிகையைப் பேணும் முறை

விமான, கப்பல் மாதிரிகளுக்கும் சிறு பொம்மைகளுக்கும் வண்ணம் தீட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட வாடிக்கையாளர்கள் ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத் தூரிகையை அறிந்திருப்பர். சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய அக்கருவி சில வாரங்களிலேயே அலமாரிக்குள் முடங்கிவிடுவதுண்டு. பெரும்பாலும் குறை கருவியின் தரத்தில் இல்லை. உள்ளே உலர்ந்துபோன வண்ணத்தில்தான் இருக்கிறது.

கருவியின் முனையில் நாசில் என்னும் சிறு கூம்பு உள்ளது. அதன் துளை பொதுவாக 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரையே இருக்கும். நீண்ட ஊசியொன்று அத்துளையை அடைத்து நிற்கிறது. இரட்டைச் செயல் வகையில், விசையை அழுத்தினால் காற்று வரும். பின்னுக்கு இழுத்தால் ஊசி விலகி வண்ணம் நுண்துளிகளாகச் சிதறும். அக்ரிலிக் வண்ணம் நீரால் நெகிழ்வதாயினும், உலர்ந்தபின் நீரில் கரையாது. எனவே ஈரம் காயுமுன் உள்ள சில நிமிடங்களே தூய்மை செய்வதற்கு உரிய வேளை.

நிறம் மாற்றும்போது கருவியைப் பிரிக்க வேண்டியதில்லை. கோப்பையில் எஞ்சியதைக் கொட்டிவிட்டு, நீர் ஊற்றி, மென்தூரிகையால் துழாவி, தெளிந்த நீர் வரும்வரை பீய்ச்சினால் போதும்.

அன்றைய வேலை முடிந்ததும் ஊசியைக் கழற்றித் துடைப்பது நன்று. கோப்பையை அலசிய பின்னரே ஊசியைப் பின்பக்கமாக உருவ வேண்டும்; வண்ணம் தோய்ந்த ஊசியை உருவினால், உள்ளிருக்கும் அடைப்பு வளையத்தில் வண்ணம் படிந்து ஊசியின் அசைவு இறுகிவிடும். துடைக்கும்போது தண்டிலிருந்து முனையை நோக்கி ஒரே திசையில் துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் துடைத்தால் விரலில் குத்துவதோடு முனையும் வளையும். வளைந்த ஊசி வண்ணத்தை ஒருபக்கமாகத் தெளிக்கும்.

மிகுந்த கவனம் வேண்டுவது நாசிலே. திருகிப் பொருத்தும் வகை நெல்மணி போன்று சிறியது. உடன் வரும் ஸ்பேனரால் மென்மையாகத் திருகினால் போதும். இன்னும் சற்று இறுகட்டும் என்று முயன்றால் மரை முறிந்துவிடும். அடைப்பைக் குண்டூசியால் குத்தி எடுப்பதும் கூடாது. துளை விரிந்துவிட்டால் புதிய நாசில் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. காசோலையில் ஊற்றுப்பேனாவால் கையொப்பமிடுவோருக்கு இது எளிதில் விளங்கும்: மை உலர்ந்த நிப்பை ஊறவைப்பார்களே அன்றி, நெம்ப மாட்டார்கள். நாசிலை மட்டும் தூய்மைத் திரவத்தில் ஊறவைத்து மென்தூரிகையால் வருட வேண்டும். முழுக் கருவியையும் ஊறப்போட்டால் ரப்பர் வளையங்கள் கெடக்கூடும்.

வேலையின்போது கோப்பையில் தானாகக் குமிழி எழுந்தால், நாசில் சரியாகப் பொருந்தவில்லை அல்லது விரிசல் கண்டுள்ளது என்று ஐயுறலாம்.

தூய்மைத் திரவத்தை அறையில் பீய்ச்சாமல் மூடியுள்ள குடுவைக்குள் பீய்ச்சுவதே முறை. இதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்த நுண்துளிகள் நுரையீரலுக்குள் செல்பவை. தின்னர் பயன்படுத்துவோருக்குத் துணி முகக்கவசம் பயன்படாது. ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி உள்ள கவசம் தேவை. அருகில் பூஜை விளக்கோ எரியும் அடுப்போ இருத்தல் கூடாது.

சென்னை, மும்பை, கொச்சி போன்ற கடலோர நகரங்களில் காற்றின் ஈரம் கம்ப்ரசர் தொட்டியில் நீராகத் தேங்கும். அது வண்ணத்தோடு கலந்தால் பரப்பில் புள்ளிகள் விழும். வேலை முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்து, அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடித்துவிட வேண்டும்.

மீண்டும் பொருத்தும்போது நாசிலை முதலில் வைத்து, பின்னர் ஊசியைச் செருக வேண்டும். முனை நாசிலைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் தள்ளினால் நாசில் பிளந்துவிடும்.