ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறீங்களா? தலையில அடிபட்டா டாக்டர்கிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க!

இதய வால்வு மாற்றியவர்கள், காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள் பலர் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகளை எடுக்கிறார்கள். இவர்கள் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் மண்டைக்குள் ரத்தம் கசியலாம். ‘லேசான வீக்கம்தானே’ன்னு வீட்டிலேயே இருந்துடாதீங்க.

கேஷுவாலிட்டியில் நுழைந்ததும் மாத்திரையின் பெயர், கடைசியாகப் போட்ட நேரம் ரெண்டையும் சொல்லணும். ‘ஹார்ட் மாத்திரை’ என்று மொட்டையாகச் சொன்னால் எதுவும் புரியாது. அட்டையையே கொண்டு போங்க. ஏன்னா, ஒவ்வொரு மாத்திரைக்கும் முறிவு மருந்து வேறு. வார்ஃபரினுக்கு வைட்டமின் கே ஊசி உண்டு. அது வேலை செய்யச் சில மணி நேரமாகும் என்பதால், ரத்தக்கசிவு தீவிரமாக இருந்தால் பிளாஸ்மாவும் ஏற்றுவார்கள். அபிக்ஸபான் போன்ற புது மாத்திரைகளுக்கு வைட்டமின் கே பலிக்காது.

சிடி ஸ்கேன் நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பினாலும், பிறகு வாந்தி, கடும் தலைவலி, குழப்பமான பேச்சு வந்தால் உடனே திரும்பப் போகணும். பயந்து மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. செயற்கை வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.